நட்டம் உண்டு, குற்றம் இல்லை: கிணறு என்னும் தனிச்சொத்தின் வரலாறு

1

கொங்குப் பகுதியில் எழுதப்படும் தோட்டத்துக் கிரயப் பத்திரம் எதையாவது எடுத்து ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். சர்வே எண், நான்கு மால், ஏக்கர், செண்ட் எல்லாம் முடிந்த பிறகு கிணறு வரும். கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பங்கு, அதில் இருக்கிற மின்மோட்டார் பம்புசெட்டில் அதே பங்கு, மின் இணைப்பில் அதே பங்கு, முறை வைத்து இறைத்துக்கொள்ளும் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், வழிநடைப் பாத்தியம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, பிள்ளைகள் பிரித்து, பேரன்மார் பிரித்து, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பங்கு போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிற பத்திரம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, பக்கத்துத் தோட்டக்காரன் இன்னும் நூறு அடி ஆழத்துக்குப் போனால் இந்த நாலில் ஒரு பங்கு என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இதைப் பத்திர எழுத்தரின் மறதி என்று தள்ளிவிட முடியாது. நிலத்தடி நீர் பற்றிய சட்டம் முழுவதும் இந்த மௌனத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ‘என் நிலம், என் கிணறு, என் தண்ணி’ என்று நம் ஊர்களில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிற வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது இயற்கையானதாகவும் ஆதிகாலத்து வழக்கமாகவும் தோற்றம் கொடுப்பதற்குப் பின்னால் லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, டெக்சாஸ் ரயில் கம்பெனி இருக்கிறது, 1882ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது, இவை எல்லாவற்றோடும் கச்சிதமாகப் பொருந்திப்போன நம் சாதி இருக்கிறது. இந்த நான்கையும் சேர்த்து வைத்து வாசிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

2

முதலில் ‘ஆதிகாலத்து வழக்கம்’ என்பதைப் பார்த்துவிடலாம். பல்லவ, சோழர் காலச் செப்பேடுகளில் பிரமதேயமாக நிலம் கொடுக்கும்போது எதெது கொடுக்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் வரும். மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்பது அதில் வழக்கமான தொடர். தமிழ் படித்தவர்கள் இதன் அழகில் சொக்கிப்போவோம். ஆனால் அதே செப்பேடுகளில் இன்னொரு பட்டியலும் உண்டு. சுட்ட ஓட்டால் மாளிகை எடுத்துக்கொள்ளலாம், துரவு கிணறு இழித்துக்கொள்ளலாம், வேற்றாள் ஏற்றம் வைத்து இறைக்கக் கூடாது என்று பெறுகிறவர்களுக்குத் தரப்படும் பரிகாரங்கள், அதாவது சலுகைகள். ஒரு உரிமையைச் சலுகையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அது எல்லோருக்கும் இயல்பாக இருந்ததல்ல என்றுதான் அர்த்தம். கிணறு வெட்டுவது அரசன் கொடுத்து, பிராமணர் பெறுகிற தகுதியாக இருந்தது. அந்தப் பட்டியலுக்குள் வராதவர்களின் தாகத்தைப் பற்றிச் செப்பேடு பேசுவதில்லை.

ஆகவே பழைய பொற்காலம் ஒன்றைக் காட்டி, அங்கே நீர் பொதுவாக இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்று சொல்கிற கதையாடல் நமக்கு உதவாது. பழைய ஏற்பாடு சமத்துவமானது அல்ல. அதே சமயம், நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் வரையறை இல்லாமல் அவனுடையது என்கிற இன்றைய கருத்தும் அதில் கிடையாது. அது வேறு இடத்திலிருந்து கப்பலேறி வந்தது.

3

1843. இங்கிலாந்தின் லங்காஷயர் கவுண்டி. ஒரு பருத்தி ஆலைக்காரர் தன் ஆலைக்காகக் கிணறு வெட்டி வைத்திருந்தார். சற்றுத் தள்ளி இன்னொருவர் நிலக்கரிக்காகக் குழி இறக்கினார். சுரங்கத்துக்குள் வந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றியதில் ஆலைக்காரர் கிணறு வற்றிப்போனது. ஆக்டன் எதிர் பிளண்டெல் என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற வழக்கு இது. ஓடுகிற ஆறு என்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு நீர் போகவிட வேண்டும் என்று பொதுச்சட்டத்தில் ஏற்கெனவே விதி இருந்தது. அந்த விதி நிலத்தடி நீருக்குப் பொருந்தாது என்று தலைமை நீதிபதி டிண்டல் தீர்ப்பளித்தார். ஆற்றின் போக்கு எல்லோருக்கும் தெரியும், நிலத்தடி நீரின் போக்கு யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றில் பக்கத்துக்காரனுக்கு உரிமை எப்படி வரும் என்பதுதான் வாதத்தின் சாரம். நிலத்துக்காரன் தன் எல்லைக்குள் தோண்டி எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் பக்கத்துக் கிணறு வற்றினால்? நட்டம் உண்டு, குற்றம் இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு டிண்டல் ரோமானியச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார். தன் நிலத்தில் தோண்டும்போது அண்டை வீட்டான் ஊற்று திசைமாறிப் போனால் அதற்கு வழக்கு இல்லை என்று மார்செல்லஸ் சொன்னதாக ரோமானியச் சட்டத் தொகுப்பில் வருகிறது. ஆனால் அங்கேயே ஒரு வாலும் உண்டு: அண்டை வீட்டானைக் கெடுக்கும் எண்ணத்தோடு செய்திருந்தால் கதை வேறு. 1895ல் பிராட்ஃபோர்ட் நகராட்சி பிக்கிள்ஸ் என்பவருக்கு எதிராகப் போட்ட வழக்கில் பிரபுக்கள் சபை இந்த வாலையும் வெட்டியது. நகரத்துக்குக் குடிநீர் போகிற ஊற்றின் நீரைத் தன் நிலத்தில் தோண்டித் தடுத்து, நகராட்சியைத் தன் நிலத்தை வாங்க வைக்கத்தான் அவர் அப்படிச் செய்தார் என்பது வாதம். எண்ணம் எதுவாக இருந்தால் என்ன, உரிமை உரிமைதான் என்றது சபை. சொத்தின் முன் மனசாட்சி கேட்கப்படாத சாட்சியாக ஆனது இப்படித்தான்.

இடையில் 1859ல் இன்னொன்று நடந்தது. லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றில் அறுபது ஆண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நீராலை. குரோய்டன் ஊரின் சுகாதார வாரியம் ஊர்க் குடிநீருக்காகப் பெரிய கிணறு இறக்கி, நாளொன்றுக்கு ஐந்தாறு லட்சம் கேலன் எடுத்தது. ஆற்றுக்கு ஊறி வரவேண்டிய நீர் குறைந்தது. ஆலைக்காரர் தோற்றார். இந்த முறை கிணறு வெட்டியவர் தனியார் அல்ல, ஒரு பொது அமைப்பு. தனிச்சொத்து விதியைப் பிடித்துக்கொண்டுதான் பொது அமைப்பும் ஜெயித்தது. வென்ஸ்லிடேல் பிரபு மட்டும் தயங்கினார். தன் நிலத்தின் தேவைக்கு எடுப்பது வேறு, எங்கோ இருக்கும் ஆயிரம் பேருக்காக எடுப்பது வேறு அல்லவா என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகத்தோடேயே மற்றவர்களுடன் உடன்பட்டார். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1856லேயே பிரான்சின் திஜோன் நகரத்துப் பொறியாளர் ஆன்ரி தார்சி மணல் அடுக்கின் ஊடே நீர் எப்படிப் போகிறது என்பதைச் சோதனை செய்து, கணக்காகவே எழுதி வெளியிட்டிருந்தார். இன்றைய நிலத்தடி நீரியலுக்கு அதுதான் அஸ்திவாரம். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1861ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில நீதிமன்றம், நிலத்தடி நீரின் நடமாட்டம் இரகசியமானது, மறைபொருளானது, அதற்கு விதி செய்வது நடக்காத காரியம் என்று எழுதியது. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி நாம் ஃபூக்கோவை வைத்து நிறையப் பேசியிருக்கிறோம். அறிந்துகொள்வதன் வழியாக ஆள்வது பற்றிப் பேசினோம். அறியாமையும் ஒரு ஆட்சிக் கருவிதான் என்பதற்கு நிலத்தடி நீர்ச் சட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கே ‘தெரியாது’ என்பது ஒரு குறைபாடு அல்ல, ஒரு உற்பத்திச் சாதனம். தெரியாது என்று வைத்துக்கொண்டால்தான் பெரிய பம்பு வைத்திருப்பவன் பொறுப்பில்லாமல் எடுக்க முடியும்.

ஒஹாயோவின் அந்த வாசகத்தை 1904ல் டெக்சாஸ் எடுத்துக்கொண்டது. கிரேசன் கவுண்டியில் டெனிசன் என்ற ஊரில் ரயில் கம்பெனி இருபது அடி விட்டமும் அறுபத்தாறு அடி ஆழமும் கொண்ட கிணறு வெட்டி, என்ஜின்களுக்கும் பட்டறைக்கும் தினம் 25,000 கேலன் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஐந்தடி விட்டமுள்ள சின்னக் கிணறு வற்றிப்போனது. நீதிமன்றம் ரயிலின் பக்கம் நின்றது. 95 வருஷம் கழித்து, 1999ல், அதே மாநிலத்தில் ஹெண்டர்சன் கவுண்டி என்ற கிராமப்புறப் பகுதியில் ஓசார்க்கா என்னும் புட்டித்தண்ணீர் கம்பெனி தினம் 90,000 கேலன் எடுக்க ஆரம்பித்து, சில நாட்களிலேயே சுற்றிலும் இருந்த வீட்டுக் கிணறுகள் கீழே போனபோது, டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1904ன் விதியை மாற்ற மறுத்தது. 2012ல் இன்னும் ஒரு படி போய், பூமிக்கு அடியில் இருக்கும்போதே நீர் நிலத்துக்காரனின் சொத்து என்றது. நீராவி என்ஜின் போய்ப் புட்டித்தண்ணீர் வந்தது. விதி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

4

இந்த விதி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கதைதான் நமக்கு முக்கியம். 1882ல் இந்திய வசதியுரிமைச் சட்டம் வருகிறது. எழுதியவர் விட்லி ஸ்டோக்ஸ். அதில் நிலத்தடி நீர் பற்றித் தனிப்பிரிவு எதுவும் கிடையாது. 7ஆம் பிரிவில், சொத்துக்காரனுக்கு இயல்பாக உள்ள உரிமைகளை விளக்குவதற்காகச் சில உதாரணங்கள் தரப்படுகின்றன. அதில் ஒரு உதாரணம், ஒரு நிலத்துக்காரன் தன் எல்லைக்குள், வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும், செலவழிக்கவும் உரிமையுள்ளவன் என்கிறது. இவ்வளவுதான். ஒரு துணைக்கண்டத்தின் நிலத்தடி நீர் ஒரு உதாரணத்தில் அடங்கிப்போனது.

இந்தச் சட்டம் முதலில் நாடு முழுக்கப் போடப்படவில்லை. சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு இந்த மூன்றுக்கும்தான் முதலில். பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் 1891ல்தான் நீட்டப்பட்டது. லங்காஷயர் சுரங்கத்தின் விதி, இந்தியச் சட்டமாக எழுதப்பட்டு முதலில் இறங்கிய மண்ணில் நம் மண்ணும் ஒன்று.

அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, ஆறு, ஓடை, ஏரி, அரசுச் செலவில் வெட்டிய வாய்க்கால் இவற்றின் நீரைக் கட்டுப்படுத்தும் உரிமை சர்க்காருக்கே என்று தனியே காப்பாற்றி வைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நீர் இரண்டாக உடைக்கப்பட்டிருப்பது தெரியும். கண்ணுக்குத் தெரிகிற, வரி போடக்கூடிய நீர் அரசுக்கு. கண்ணுக்குத் தெரியாத, மதகு வைத்து அளக்க முடியாத நீர் பட்டாக்காரனுக்கு. ஆறும் கிணறும் ஒரே நீர்தான் என்பது நொய்யல் கரையில் நிற்கிற யாருக்கும் தெரியும். ஆற்றில் வெள்ளம் போனால் கிணறு ஊறும், கிணற்றை இறைத்துத் தீர்த்தால் ஆறு இளைக்கும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடி முடித்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. பஞ்சத்துக்குக் கிணறு ஒரு காப்பு என்று அரசு பேச ஆரம்பித்தது. 1883ல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் வந்து, கிணறு வெட்டத் தக்காவிக் கடன் கொடுக்கப்பட்டது. அணை கட்டினால் சர்க்காருக்குச் செலவு, கிணறு வெட்டினால் குடியானவனுக்குச் செலவு. ரயத்துவாரி அமைப்பில் பட்டா யார் பேரில் இருந்ததோ அவருக்குத்தான் கடன், அவருக்குத்தான் கிணறு, அவருக்குத்தான் நீர். பட்டா யார் பேரில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

5

கொங்குப் பகுதி மழை மறைவுப் பகுதி. அடியில் கடும்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கில் கொஞ்சம் நீர், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் கொஞ்சம். ஆற்றுப் பாசனம் கொஞ்ச இடத்தில்தான். அதனால் இங்கே நிலத்தின் பேரே கிணற்றை வைத்துத்தான். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு, மேட்டாங்காடு. தோட்டக்காரன், காட்டுக்காரன் என்பது பயிரின் வித்தியாசம் மட்டுமில்லை, சம்பந்தம் பேசும்போது பார்க்கிற அந்தஸ்தின் வித்தியாசம்.

அந்தக் கிணறு கவலையில் இறைக்கப்பட்டது. (தெற்கே போனால் கமலை.) சரிவான பாட்டையில் இரண்டு மாடு இறங்க, உருளையில் வடக்கயிறு ஓட, தோல் பறி நிறைந்து மேலே வரும். பறியின் அடியில் தொங்குகிற தோல்குழாய் வழியாகத் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். விடியற்காலம் மூணு மணிக்கு ஆரம்பித்தால் பொழுது ஏறுகிறவரை. இந்த நீர்ப்பாசனத் தொழில்நுட்பத்தின் உயிர் தோல். அது கிழியும், தைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். அதைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர், ஊர் வாயில் மாதாரிகள். இதற்குக் கூலியாகக் களத்தில் தானியப் பங்கு. அந்தக் குடும்பத்து ஆள்தான் பண்ணையத்து ஆளாகவும் இருப்பார், கவலையும் ஓட்டுவார்.

அவர் தைத்த தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் போய் வரும். அந்தத் தோல் அள்ளிய நீரில் கவுண்டர் குளிப்பார், மாடு குடிக்கும், பயிர் விளையும். தைத்த கை மட்டும் கிணற்றைத் தொடக் கூடாது. தாகம் எடுத்தால் தள்ளி நின்று, யாராவது ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். தீட்டு என்பது பொருளிலோ உடலிலோ இருக்கிற ஒரு குணம் என்று இன்னமும் விளக்கம் சொல்கிறவர்கள் இந்தக் கிணற்றடியில் வந்து நின்று யோசிக்கட்டும். செத்த மாட்டின் தோல் தீட்டில்லை, அதைத் தைத்த உயிருள்ள மனிதர் தீட்டு. தீட்டு என்பது சொத்தின் வேலி. உழைப்பு உள்ளே வரலாம், உரிமை உள்ளே வரக் கூடாது என்பதை அமுல்படுத்துகிற காவல்காரன்.

1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, மோட்டார் கம்பெனிகள் வந்தன, ஆயில் என்ஜினும் மின் பம்பும் கவலையை மெள்ள மெள்ள ஒழித்தன. கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றி 1997ல் கன்னெல் செடர்லோஃப் எழுதிய நூல் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. தோல் வேலை போனபோது அதோடு கட்டியிருந்த பிணைப்பும் போனது. விடுதலை என்று ஒரு பக்கம் சொல்லலாம். மறுபக்கம், கிணற்றோடு அவருக்கு இருந்த ஒரே தொடர்பு, தானியப் பங்குக்கு இருந்த ஒரே ஆதாரம் அறுந்தது. கிணறு எந்திரமயமானபோது கிணற்றிலிருந்து முழுசாக வெளியேற்றப்பட்டவர் அவர்தான். ‘வேளாண் நவீனமயமாக்கம்’ என்று நம் பொருளாதாரக்காரர்கள் எழுதுகிற அத்தியாயத்தில் இந்த வெளியேற்றம் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

6

பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமைக்கான போராட்டம் நமக்குத் தெரிந்த வரலாறு. 1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டு வந்த தீர்மானம் பொதுச்சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லோருக்கும் திறந்தது என்றது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார். 1938ல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூக இடர்ப்பாடுகள் நீக்கச் சட்டம் சென்னையில் வந்தது.

மகத் பற்றி நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. போராட்டத்துக்குப் பிறகு சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் சாஸ்திரத்தை மட்டும் நம்பவில்லை. குளம் நகராட்சியின் பொதுச்சொத்து அல்ல, சுற்றியுள்ளவர்களின் தனிச்சொத்து என்றும் வாதாடினார்கள். பத்து வருஷம் கழித்து 1937ல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளியது. அவர்கள் தோற்றார்கள், ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வாதம் தோற்கவில்லை. தீண்டாமையை இனி மதத்தின் மொழியில் காப்பாற்ற முடியாது, சொத்தின் மொழியில் காப்பாற்றலாம் என்பதுதான் அந்த வாதம்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை இந்த இடத்தில் படிக்க வேண்டும். கிணறு, குளம், படித்துறை இவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது. சரி. எந்தக் கிணறு? முழுவதுமோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று விடப்பட்டது. 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் பொதுமக்களோ அவர்களில் ஒரு பகுதியினரோ உரிமையோடு பயன்படுத்தும் நீர்நிலைகள் வரைதான் போகிறது. தோட்டத்துக் கிணறு வாசலில் அரசியல் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்க் கிராமங்களில் பெரும்பாலான நீர் எங்கே இருந்தது? பொதுக் கிணற்றிலா? தோட்டத்தில்தான். கோடையில் பொதுக் கிணறு காய்ந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குத்தான் பெண்கள் போக வேண்டும். “தோட்டத்துக்காரங்க மோட்டார் போட்டா ரெண்டு கொடம் புடிச்சுக்குவோம்” என்பதில் உரிமை எங்கே இருக்கிறது? தயவு இருக்கிறது. தயவுக்கு ஒரு விலை உண்டு. கூலி உயர்வு கேட்கும்போது அது வசூலாகும்.

பிறகு ஆழ்குழாய், கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி என்று வந்தது. இந்தியா மார்க் 2 கைப்பம்பு 1970களின் நடுவில் கோவைப் பக்கம்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. காலனிக்குள்ளேயே தண்ணீர் வந்தது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊருக்கும் காலனிக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் தொட்டி என்று பிரிந்ததால் ஊர்க்கிணற்றைத் திற என்ற கேள்வி கேட்கப்படாமலேயே போச்சு. தனித்தொட்டி பாதுகாப்பும் தரவில்லை என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது காட்டியது.

7

இனி, இயக்கத் தோழர்களுக்குச் சங்கடமான பகுதி.

1970ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்தார்கள். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். 1972ல் மாட்டு வண்டிகள் கோவை நகரத்துத் தெருக்களை அடைத்து நின்றன. நாராயணசாமி நாயுடு என்ற பெயர் தமிழகம் முழுக்கத் தெரிந்தது. பல ஊர்களில் பலர் உயிர் கொடுத்தார்கள். இந்தப் போராட்டத்தின் பலனாக 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1989-91 தி.மு.க. ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆலைக்கும் நகரத்துக்கும் சலுகை, கிராமத்துக்கு வரி என்றிருந்த ஏற்பாட்டை எதிர்த்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இலவச மின்சாரம் யாருக்குப் போனது? கிணறு இருந்தவருக்கு. தமிழ்நாட்டில் இன்று விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். இணைப்பு வேண்டுமென்றால் கிணறு வேண்டும், கிணற்றுக்குப் பட்டா வேண்டும். நிலமற்ற கூலிக்காரர் பெயர் இந்த வரிசையிலேயே இல்லை. நீரைப் பொறுத்தவரை 1882ன் உதாரணம் கொடுத்த உரிமைக்கு அரசு மின்சாரமும் சேர்த்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

தோட்டக்காரருக்கும் இது நிலைக்கவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போட்டுக்கொண்டிருந்தபோது நம் கிணற்றுக்குள்ளும் இறங்கின. முதலில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள், பிறகு கிணற்றுக்குள்ளேயே போர், அப்புறம் பக்கவாட்டில் சைடு போர், அப்புறம் ஆயிரம் அடி. பக்கத்துக்காரன் ஒரு அடி கீழே போனால் நான் இரண்டு அடி. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜனகராஜன் இந்தப் போட்டி ஆழப்படுத்தலைத் தமிழகத்தின் பல ஆற்றுப்படுகைகளில் ஆராய்ந்திருக்கிறார். கடன் வாங்கிப் போட்ட போர் புகையாக வந்தால், அடுத்த கடன். சிறு விவசாயி இந்தச் சூதாட்டத்தில் முதலில் தோற்று வெளியேறினார். அவருடைய கிணறு வற்றியதற்கு யாரைக் கேட்பது? 1843லேயே பதில் எழுதியாயிற்று: நட்டம் உண்டு, குற்றம் இல்லை. மாதாரியை வெளியே நிறுத்திய அதே சொத்துரிமை, அடுத்த சுற்றில் இரண்டு ஏக்கர் கவுண்டரையும் வெளியே தள்ளியது.

திருப்பூரில் இது முழு வட்டம் வந்தது. சாயப்பட்டறைகளுக்கு நீர் வேண்டும். சுற்றுக் கிராமத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக விற்கப்பட்டது. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த கிணறுகளையெல்லாம் கெடுத்தது. மேலே கிணற்று நீரை விற்ற விவசாயி, கீழே கிணறு கெட்டுப்போன விவசாயி, இரண்டு பேரும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லுக்குள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது கழிவுக்காக. நீரை எடுத்ததற்காக யாரும் கேள்வி கேட்கப்படவில்லை. ஏனென்றால் எடுப்பது உரிமை.

8

எல்லை தாண்டினால் பிளாச்சிமடா. கோவையிலிருந்து கூப்பிடு தூரம். 2000ல் கோகோ-கோலா ஆலை திறந்தது, கிணறுகள் வற்றின, இருந்த நீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் 2002ல் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2003ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தமானது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பெழுதினார். 1882ன் உதாரணத்துக்கு எதிராக எழுதப்பட்ட முக்கியமான பிரதி அது. ஆனால் 2005ல் இரு நீதிபதிகள் அமர்வு, சட்டம் தடுக்காதவரை நிலத்துக்காரனுக்கு எடுக்கும் உரிமை உண்டு என்று பழைய இடத்துக்கே திரும்பி, தினம் ஐந்து லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆலை 2004லேயே மூடப்பட்டிருந்தது. திறக்கும் எண்ணமில்லை என்று கம்பெனி 2017ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மக்கள் ஜெயித்தார்கள். கேள்வி ஜெயிக்கவில்லை.

2003 தீர்ப்பிலேயே ஒரு விரிசல் இருந்தது. கம்பெனி எவ்வளவு நீர் எடுக்கலாம்? சுமார் 34 ஏக்கர் வைத்திருக்கும் சாதாரண நிலத்துக்காரர் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவு. நீரை மக்களுக்குச் சொந்தமாக்கிய தீர்ப்பிலும் அளவுகோல் நிலம்தான். 34 ஏக்கருக்கு ஒரு பங்கு என்றால் பூஜ்யம் ஏக்கருக்கு எவ்வளவு? போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆதிவாசிப் பெண்களில் பலருக்கு இந்தக் கணக்குப்படி வருவது என்ன?

தமிழகத்தில் 2003ல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் என்று ஒன்று நிறைவேற்றப்பட்டது. அது ஒரு நாளும் நடைமுறைக்கு வராமலேயே 2013ல் ரத்தானது. பிறக்காமலே செத்த சட்டம். நூற்றுக்கணக்கான பிர்க்காக்கள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று அரசுக் கணக்கே சொல்லும்போதும் தொடத் துணிவில்லை. தொட்டால் பட்டாக்காரர் ஓட்டு. அப்படியே சட்டம் வந்திருந்தாலும், ஏற்கெனவே உள்ள கிணறுகளைப் பதிவு செய்து, புதிய கிணறுகளுக்கு அனுமதி தரும் வகையான சட்டம், முதலில் வந்தவனின் பங்கை உறுதிப்படுத்துவதோடு நின்றுவிடும். கிணறே இல்லாதவர் அந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்.

வேறு மாதிரி யோசிக்கவே முடியாதா? யோசித்திருக்கிறார்கள். 1970களில், மகாராஷ்டிர வறட்சிக்குப் பிறகு, புனே மாவட்டம் நாய்காவ் பகுதியில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நீரை நிலத்திலிருந்து பிரித்தது. ஏக்கருக்குப் பங்கு கிடையாது, தலைக்குப் பங்கு. நிலமில்லாதவருக்கும் பங்கு. கரும்பு போடக் கூடாது. அது பெரும்பாலும் கூட்டு இறவைத் திட்டங்களில், சில ஊர்களில் மட்டும் நடந்த காரியம். எல்லா ஊர்களிலும் அது நிலைக்கவில்லை, சாதியை அது ஒழித்துவிடவும் இல்லை. ஆனாலும் நிலம் வேறு, நீர் வேறு என்று சட்டத்துக்கு வெளியே நின்று சொல்லிக் காட்டிய காரியம்.

கம்பெனிக்கு எதிராக ‘நம் நீர்’ என்று முழங்குவது சுலபம். அந்த ‘நம்’ யார் என்பதுதான் கேள்வி. கோகோ-கோலாவையும் ஆயிரம் அடி போர் போட்ட பெருந்தோட்டக்காரரையும் காப்பாற்றுவது அதே 7ஆம் பிரிவின் அதே உதாரணம். ஒன்றை எதிர்த்துக்கொண்டு மற்றொன்றைப் ‘பாரம்பரிய உரிமை’ என்று தோளில் தூக்கினால் கம்பெனிக்காரன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான், அவன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. விவசாயிகள் சங்கங்களும் சூழல் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து நிலத்தடி நீரைப் பற்றிப் பேச வேண்டுமானால், அந்த மேடையில் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை இது: பட்டாவிலிருந்து நீரைப் பிரி. ஊரில் உள்ள ஒவ்வொரு தலைக்கும், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலனியில் இருந்தாலும் ஊருக்குள் இருந்தாலும், நீரில் பங்கு வை. இந்தக் கோரிக்கையை வைத்தால் மேடையிலிருந்து யார் யார் எழுந்து போகிறார்கள் என்பதைப் பார்த்து, நம் கூட்டணிகளை மறுபடியும் எண்ணிக்கொள்வோம்.